கீழ்க்கோடி வீட்டுக் குழாய்

என் தராசு மேல் சத்தியம். இதில் ஒரு எழுத்து பொய்யென்றால் என் பல்லெல்லாம் கொட்டிப் போகட்டும். ஏற்கெனவே கொட்டிவிட்டதே என்று பார்க்காதீர்கள்; கதையைக் கேளுங்கள்.

எங்கள் தெருத் தண்ணீரை நகராட்சி ஒரு கம்பெனியிடம் ஒப்படைத்துவிட்டது. கட்டணம் மூன்று மடங்கு. குழாயைத் திறந்தால் பாதி நேரம் காற்றுதான். அந்தக் காற்றுக்கும் மீட்டர் ஓடியது. தையல்காரர் அதில் பலூன் ஊதிப் பேத்திக்குக் கொடுத்ததை நானே பார்த்தேன்.

தெரு பொங்கி எழுந்தது. தலைவர், மைக் அண்ணன். பெண்டாட்டியைக் கூப்பிடுவதற்கும் கை ஒலிபெருக்கியைத் தேடுகிற மனுஷன்.

"தண்ணீர் பொதுச்சொத்து! கம்பெனியே, வெளியே போ!"

தினமும் காலையில், சரியாகத் தண்ணீர் விடுகிற நேரத்தில், தெருவே வீட்டைப் பூட்டிக்கொண்டு காலிக் குடத்தோடு கம்பெனி வாசலில் உட்கார்ந்தது. வராதவள் ஒருத்திதான். கீழ்க்கோடி வீட்டு அக்கா.

"நாம குடிக்கிற தண்ணியையே விட்டுட்டு உட்கார்ந்திருக்கோம். அந்தம்மா எட்டிப் பார்க்குதா பாருங்க!" என்றார் தையல்காரர்.

"எப்படிப் பார்க்கும்? கம்பெனி ஜீப் அது வாசல்ல நின்னதை என் கண்ணால பார்த்தேன்" என்றார் ஜெராக்ஸ் கடைக்காரர். "அரைக் குடத்துக்கு அல்லாடின வீடு. இப்ப டிரம்மு நிரம்பி வழியுது. கொடி பூரா துவைச்ச போர்வை!"

"விலை போயிட்டா!"

பாதிப் போராட்டத்தில் எழுந்து, கூட்டம் நேராக அவள் வாசலுக்குப் போனது. உள்ளே குழாய் கொட்டோ கொட்டென்று கொட்டியது. படுத்த படுக்கையான மாமியாரின் துணிகளை அலசிக்கொண்டிருந்தாள் அக்கா.

மைக் அண்ணன் ஒலிபெருக்கியை உயர்த்தினார். "கம்பெனி உனக்கு மட்டும் எப்படித் தண்ணி குடுக்குது? சொல்லும்மா!"

அக்கா கையைப் புடவையில் துடைத்தாள். "கம்பெனி குடுக்கலைண்ணே. நீங்கதான் குடுக்கறீங்க."

"நக்கலா?"

"ஐயோ, இல்லைண்ணே. போராட்டத்துக்கு முன்னாடியெல்லாம் தண்ணி விட்டதும், மேல இருக்கிற வீட்லயெல்லாம் குழாயில மோட்டாரை மாட்டி உறிஞ்சிடுவீங்க. கடைசி வீட்டுக்கு ஏது மிச்சம்? நீங்க போராடப் போனா மோட்டார் ஓடலை. தண்ணி இங்க வரைக்கும் இறங்குது. நானும் வந்துட்டா யாரு பிடிக்கிறது? அத்தைக்கு மாத்துத்துணி வேணாமா?"

யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"அப்ப... அந்த ஜீப்?" ஜெராக்ஸ் கடைக்காரரின் குரல் உள்ளே போயிருந்தது.

"எந்தெந்த வீட்ல திருட்டு மோட்டார்னு காட்டிக் குடு, உனக்குத் தனிக் குழாய் போட்டுத் தர்றேன்னு கம்பெனிக்காரர் வந்தாரு. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னுட்டேன். சொன்னா உங்க இணைப்பை வெட்டிடுவாங்க. போராட்டமும் படுத்துடும்."

கொஞ்சம் தயங்கினாள். "நாளைக்கும் போவீங்கதானேண்ணே?"

ஒலிபெருக்கி 'கொய்ங்' என்றது. அண்ணன் அதை அணைத்தார். அன்றுதான் அவருடைய சொந்தக் குரலைத் தெரு கேட்டது.

"போவோம்மா."

அன்று சாயங்காலம் என் பழைய இரும்புக் கடைக்குத் தையல்காரர் சாக்கு மூட்டையோடு வந்தார். "மச்சானோட மோட்டாருங்க. போட்டுடலாம்னு..."

பின்னாலேயே ஜெராக்ஸ் கடைக்காரர். "இது என் சகலையோடது."

கொஞ்ச நேரத்தில் கடை வாசலில் வரிசை. அத்தனையும் சொந்தக்காரன் மோட்டார்! எல்லார் கண்ணும் தரையில். பாரம் தாங்காமல் என் தராசே தலைகுனிந்துவிட்டது.

கடைசியாக மைக் அண்ணன் வந்தார். ஒன்றை இறக்கிவிட்டு, என் காதில் கிசுகிசுத்தார். "வீட்ல இன்னொண்ணு கிடக்குங்க. நாளைக்குக் கொண்டாரேன்."

மறுநாள் வீட்டு வேலைக்குத் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு, அக்காவும் போராட்டத்துக்கு வந்தாள். அத்தனை காலிக் குடங்களுக்கு நடுவில் அவள் குடம் மட்டும் நிறைகுடம். கத்திக் கத்தி வறண்ட தொண்டைக்கெல்லாம் மொண்டு மொண்டு கொடுத்தாள். அண்ணன் மட்டும் தாகமில்லை என்று சொல்லிவிட்டார்.

சில மாதத்தில் கம்பெனி போனது. குழாய் மறுபடி நகராட்சி கைக்கே வந்தது. அண்ணனுக்கு மாலை மரியாதை எல்லாம் நடந்தது.

அந்த இன்னொன்று மட்டும் இன்னும் வரவில்லை. அது என் தராசுக்கு வந்து சேரும்வரை, இதைச் சொன்னது நான்தான் என்று யாரிடமும் மூச்சு விட்டுவிடாதீர்கள்.