ராத்தோமிரின் ஜெர்மன் சார்ஜர்

தும்மினால் தும்மல்கூட உறைந்து கீழே விழுகிற குளிர். எங்கள் குடியிருப்பில் எல்லாரும் கார் பேட்டரியைக் கழற்றிச் சமையலறையில் வைத்து சார்ஜ் போடும் காலம்.

"நாளைக்குக் காலையில யார் கார் முதல்ல கிளம்புதோ, அதுலதான் தங்கச்சி வீட்டு ஸ்லாவா திருநாள் விருந்துக்குப் போவேன்" என்று மூன்றாம் மாடி வுகோசாவா சொல்லிவிட்டாள். எனக்கும் பக்கத்து வீட்டு ராத்தோமிருக்கும் ஐந்து வருஷமாக அவள்மேல் கண்.

இரண்டு பேட்டரிகளும் என் சமையலறையில் சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தன; அவனுடையது ஜெர்மன் சார்ஜரில், என்னுடையது சந்தையில் வாங்கிய மலிவு சார்ஜரில்.

"ராத்தோமிர், உன் வயரைத் தொட்டுப் பாருய்யா, சுடுது."

"ஜெர்மன் சாமான்யா! பவர் இருந்தா சுடத்தான் செய்யும்."

"பேட்டரி நிறைஞ்சதும் என்னுது தானா நின்னுருச்சு. உன்னுது நிக்கலையே? உள்ள கொதிக்குது, கேக்கலை?"

"சந்தை டப்பாதானே? மூச்சு முட்டி நின்னிருக்கும்!"

"சொன்னா கேளு. என்னுதை எடுத்துட்டுப் போய்ப் போடு."

"அந்தக் குப்பையையா? தூ!"

மூன்று தடவை கெஞ்சினேன். பேட்டரியையும் ஜெர்மன் சார்ஜரையும் அணைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனவன், விடியும்வரை சார்ஜ் போட்டான்.

காலையில் என் கார் உறுமிய உறுமலில் மூன்று தெருப் புறாக்கள் பறந்தன. அவன் கார் ஒரு விக்கல் விக்கிவிட்டுப் படுத்துவிட்டது. வுகோசாவா கேக்கை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் ஏறினாள்.

"பேட்டரிதான்யா மட்டம்!" என்று கத்தினான் ராத்தோமிர். "புதுசு வாங்கி இதே சார்ஜர்ல போடுறேன் பாரு!"

"போடு, போடு" என்றேன்.

போன வாரம் அவன் அந்த சார்ஜரை எனக்கு இரவல் தந்திருந்தான். அப்போது ஜெர்மன் குடலை உருவி என் டப்பாவுக்குள் வைத்து, சந்தைக் குடலை அவன் பெட்டிக்குள் திணித்துத் திருகாணியை முடுக்கியவன் நான்தான்.