சம்மதக் கடதாசி

"பேசச் சொல்லுங்க மிஸ், விடிய விடியப் பேசுறோம். கையெழுத்து மட்டும் கேக்காதீங்க."

பாலம்மா இப்படிச் சொன்னதும், தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளை மடுவத்தின் வாசலில் உட்கார்ந்திருந்த மற்ற ஒன்பது பெண்களும் சேர்ந்து தலையாட்டினார்கள். பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, தத்தம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போக வந்தவர்கள் அவர்கள்.

சர்மிளாவுக்கு முகம் வாடிவிட்டது. கெம்பஸில் சமூகவியல் விரிவுரையாளர் அவள். தோட்டத்துப் பெண்களின் வேலைநாளைப் பற்றி ஆய்வு செய்வதற்காக இந்த ஹேவாஹெட்ட மலைக்கு ஏறி வருவது இது மூன்றாவது சனிக்கிழமை. வந்து, கேட்டு, எழுதிக்கொண்டு, அப்படியே காணாமல் போகும் கூட்டத்தில் தானும் ஒருத்தியாகிவிடக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தாள். அதற்காகவே ராப்பகலாக உட்கார்ந்து நல்ல தமிழில் ஒரு சம்மதக் கடதாசி தயாரித்திருந்தாள். அதில் பத்துப் பேர் கையெழுத்து வைத்துத் திங்கட்கிழமை கெம்பஸில் கொடுக்காவிட்டால், ஆய்வை மூட்டை கட்டிவிட வேண்டியதுதான்.

"ஏன் அக்கா, என் மேல நம்பிக்கை இல்லையா?"

"உங்க மேல இருக்கு. கடதாசி மேலதான் இல்ல. போன வருஷம் ஒரு ஐயா வந்தாரு. தண்ணி டாங்கி கட்டப் போறோம்னு சொல்லி, சிங்களத்துல ஒரு ஃபோம் நீட்டினாரு. நாங்களும் வரிசையா நின்னு கையெழுத்து வச்சோம். பாத்தா, அது ஃபோன் டவருக்காம்!"

பாலம்மா கையைக் காட்டிய பக்கம், மாரியம்மன் கோயிலைக் குனிந்து பார்த்தபடி டவர் நின்றது.

"அது வந்தும் நம்ம லயத்து வீடுகள்ல சிக்னல் இல்ல மிஸ்," என்றாள் சிந்துஜா. அந்தக் கூட்டத்திலேயே இளையவள், ஓ.எல். பரீட்சை வரை படித்தவள். எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள்.

சர்மிளாவுக்கு வேகம் வந்துவிட்டது. "அப்படின்னா இதை நல்லாக் கேளுங்க. வாசிக்காம எந்தக் கடதாசியிலயும் கையெழுத்து வைக்காதீங்க. என்னோடதா இருந்தாலும் சரி!"

கடதாசியை வரி வரியாக வாசித்துக் காட்டினாள். பெயர் வெளியே வராது. பிடிக்காத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாம். கையெழுத்து வைத்தவர் கையில் ஒரு பிரதி இருக்கும். எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்.

"எப்ப வேணும்னாலுமா?" பாலம்மா அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமா. காரணம்கூடச் சொல்ல வேணாம்."

"அந்த வசனம் மட்டும் இல்லாட்டி?"

"இல்லாட்டி மாட்டிக்கிட்டீங்கன்னு அர்த்தம்."

பாலம்மா அதைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு, "மிஸ்ஸுக்குச் சிங்களம் வாசிக்க வருமா?" என்று கேட்டாள்.

"தண்ணி பட்ட பாடு! நான் கண்டி டவுன்ல பொறந்து வளந்தவ."

உடனே மடித்து வைத்திருந்த ஒரு கடிதத்தை நீட்டினாள் பாலம்மா. "அரசாங்கக் கந்தோர்ல இருந்து வந்தது. சிங்களம் பேசச் சொன்னா வெளுத்து வாங்குவோம். எழுத்தைப் பாத்தாத்தான் கண்ணைக் கட்டுது."

"அடையாள அட்டையில உங்க பேர் பிழையா விழுந்திருக்காம். ரெண்டு படம் எடுத்துக்கிட்டு வரச் சொல்றாங்க."

அவ்வளவுதான். பெண்கள் லயத்துக்கு ஓடினார்கள். கிளினிக் துண்டுச் சீட்டு, பள்ளிக்கூட அறிவித்தல், தண்ணீர்ச் சங்கத்துக் கடிதம் என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. ரத்தினம்மா நீட்டியதைப் பார்த்து, "அக்கா, இது மூணு வருஷம் பழசு," என்றாள் சர்மிளா.

"பரவாயில்ல, அதையும் வாசிங்க."

அலுக்காமல் வாசித்தாள். விளங்காதவர்களுக்கு இரண்டாம் முறையும் சொன்னாள். தன் கேள்வியில் ஒன்றைக்கூடக் கேட்க முடியவில்லையே என்ற கவலை இருந்தாலும், இவர்களுக்கு ஏதோ உதவினோம் என்று மனம் குளிர்ந்தது. அதற்குள் பாலம்மாவும் சிந்துஜாவும் ஒரு பள்ளிக்கூடக் கொப்பியோடு மூலைக்குப் போய்க் குசுகுசுவென்று பேசினார்கள். பேசிவிட்டு வந்தபோது பாலம்மாவின் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது.

"மிஸ், உங்க கடதாசிக்கு நாங்க சம்மதம். ஆனா எங்ககிட்டயும் ஒரு கடதாசி இருக்கு. வர்றவங்க யாரும் திரும்பி வர்றதில்ல. நீங்க வரணும்."

"அதுக்கென்ன அக்கா, தாராளமா!"

ஒவ்வொருவராக நிதானமாக வாசித்து, பத்துப் பேரும் கையெழுத்து வைத்தார்கள். சர்மிளாவுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. கீழே கடைசி பஸ் ஹோர்ன் அடித்தது. சிந்துஜா நீட்டிய கொப்பித் தாள்கள் இரண்டிலும் நின்ற வாக்கிலேயே மளமளவென்று கையெழுத்தைப் போட்டுவிட்டு ஓடிப்போய் பஸ்ஸில் ஏறினாள்.

பின்னாலேயே ஓடிவந்த பாலம்மா ஜன்னல் வழியாக ஒரு தாளைத் திணித்தாள். "உங்க பிரதி மிஸ்! நீங்க சொன்ன முறைதானே!"

இரண்டு வளைவு தாண்டியதும்தான் சர்மிளா அதைப் பிரித்தாள். சிந்துஜாவின் முத்து முத்தான எழுத்து.

'ஏழு கடிதங்களை வாசிக்க வைத்துச் சோதித்ததில் தேறிய சர்மிளா மிஸ் ஆகிய நான், இனி ஒவ்வொரு சனிக்கிழமையும் பிள்ளை மடுவத்துக்கு வந்து, இங்குள்ள பத்துப் பேருக்கும் சிங்களம் எழுத வாசிக்கப் பழக்கித் தர முழுமனதோடு சம்மதிக்கிறேன்.'

கீழே அவளுடைய கையெழுத்து ஜம்மென்று இருந்தது. பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி சிரித்துவிட்டாள். எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்று எங்காவது எழுதியிருக்கிறதா என்று தாளைத் திருப்பினாள்.

பின்பக்கத்தில் ஒரே ஒரு வரி இருந்தது: 'நீங்கள் தேடுகிற வசனம் இதில் இல்லை, மிஸ்.'