மூன்றாவது வரிசை

"வீட்ல எத்தனை பேர் சார்?"

"நாலு" என்றார் கான்ட்ராக்டர்.

"ஏழு" என்றாள் அவருடைய அக்கா.

படிவத்தில் எழுதப் போன விற்பனையாளரின் பேனா நின்றது.

இருபது வருஷமாக வண்டி விற்பவர் அவர். ஷோரூமில் 'தராசு' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். ஆள் வாசலில் கால் வைக்கும்போதே எடை போட்டுவிடுவாராம்.

இவர்களையும் போட்டாயிற்று. கான்ட்ராக்டர், அக்கா பேச்சைத் தட்டத் தெரியாத மனுஷன். மனைவி, சிக்கனக்காரி, விவரமானவள். அக்காதான் வில்லங்கம். ஏ.சி. குளிருக்கே தலையோடு சால்வையைப் போர்த்திக்கொண்டு, வந்ததும் வராததுமாக நாற்காலியைப் பிடித்துவிட்டாள். தம்பி காசில் ஊர்வலம் போகப் பார்க்கிறாள்.

எதிரே இரண்டு சொகுசு வண்டிகள் பளபளத்துக்கொண்டு நின்றன. ஒன்று நடுத்தரம், ஐந்து சீட்டு. இன்னொன்று பெரியது, மூன்று வரிசையில் ஏழு சீட்டு.

"சின்னதே போதுங்க" என்றாள் மனைவி. "நாம நாலு பேர். அதுலயே ஒரு சீட்டு காலியாத்தான் கிடக்கும்."

"என் பசங்க மூணு பேரு?" என்றாள் அக்கா.

"அவங்க லீவுக்குத்தானே அண்ணி வர்றாங்க? வருஷத்துல பத்து நாளு. அதுக்காக ஒரு பஸ்ஸை வாங்கி வாசல்ல நிறுத்தணுமா?"

தராசு மனசுக்குள் தலையாட்டினார். பெரியதை விற்றால் அவருக்குத்தான் லாபம். இருந்தாலும் நியாயம் என்று ஒன்று இருக்கிறதே! தன் அக்காவைப் பற்றித் தன் மனைவி வீட்டில் தினமும் படிக்கும் புராணம் ஞாபகத்துக்கு வந்தது. அவள் சொல்வதிலும் தப்பில்லை போலிருக்கிறது.

கான்ட்ராக்டர் பாக்கெட்டிலிருந்து டேப்பை எடுத்துப் பெரிய வண்டியை நீளவாக்கில் அளந்தார்.

"அஞ்சு மீட்டரைத் தாண்டுதுக்கா. நம்ம போர்டிகோவுல நுழையாது."

"ஊருக்கெல்லாம் வீடு கட்டுற. உன் வீட்ல ஒரு சுவரை இடிச்சு இடம் பண்ண மாட்டியா?"

"இடிக்கிறது பெரிய வேலையா?" அவர் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. "இப்ப என்ன அவசரம்? சின்னதை எடுப்போம். அப்புறம் தேவைப்பட்டா பாத்துக்கலாம்."

"அப்புறம்னா எப்ப?"

கான்ட்ராக்டர் டேப்பைச் சுருட்டினார்.

அக்கா எழுந்தாள். மூன்றாவது வரிசையைப் பார்க்க வேண்டுமாம். தராசு நடு சீட்டை மடித்து வழிவிட்டார். ஒரு காலை உள்ளே வைத்தவள், கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். கை கொடுத்து ஏற்றிவிட்டார். பிடித்த கை குச்சியாக இருந்தது. 'அதிகாரம் மட்டும் ஆனை பலம்' என்று நினைத்துக்கொண்டார்.

உள்ளிருந்து குரல் வந்தது.

"பெரியவனுக்கு இங்க முட்டி இடிக்கும். அவன் நடுவுல உக்காரட்டும். சின்னதுங்க ரெண்டும் இங்க. கடைக்குட்டிக்கு ஜன்னலோரம்." பிறகு தம்பி மனைவியைப் பார்த்துச் சொன்னாள்: "அவளுக்குக் கார்ல வாந்தி வரும்மா. கவர் ஒண்ணு எப்பவும் கையில வெச்சுக்கோ."

"அதெல்லாம் நீங்க பாத்துக்க மாட்டீங்களா அண்ணி?" என்றாள் அவள், கண்ணாடிச் சுவருக்கு வெளியே பார்த்தபடி.

அக்கா அதைக் காதில் வாங்காதவள் போலத் தம்பி பக்கம் திரும்பினாள்.

"அப்பன் இல்லாத பசங்கடா. தாய்மாமன் வண்டியில ஏறாம யார் வண்டியில ஏறும்?"

கான்ட்ராக்டர் டேப்பை இழுத்தார். விட்டார். மறுபடி இழுத்தார்.

"பெருசையே எழுதுங்க சார்" என்றார்.

தராசுக்கு எரிச்சலாக வந்தது. இப்படியும் ஒரு தலையாட்டி பொம்மையா?

"எழுதறேன் சார். ஆனா சின்னதுன்னா இன்னைக்கே ஓட்டிட்டுப் போகலாம். பெருசுல இது காட்சிக்கு வெச்ச வண்டி, புக் பண்ணா கைக்கு வர நாலு மாசம் ஆகும்."

"கொஞ்சம் முன்னாடி வராதா?" உள்ளிருந்து அக்கா கேட்டாள்.

"வராது மேடம். ஏன், அதுக்குள்ள யாருக்காவது காட்டணுமா?"

"பசங்க இதுல உக்காந்து ஒரு தடவ பாத்துட்டா நல்லா இருக்குமேன்னு கேட்டேன்." பக்கத்து சீட்டைத் தடவிப் பார்த்தாள். "பரவாயில்ல. எழுதுங்க."

சிரித்துக்கொண்டே ஊசி ஏற்றுவதில் தராசு கெட்டிக்காரர். குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

"எழுதிடலாம் மேடம். ஆனா கணக்கு உதைக்குதே! உங்க தம்பி வீட்ல நாலு. உங்க பசங்க மூணு. ஏழு சீட்டும் ரொம்பிடுச்சு. இவ்வளவு அடம்பிடிச்சு வாங்கிட்டு, நீங்க எங்க உக்காரப் போறீங்க?"

கான்ட்ராக்டரின் கையிலிருந்து டேப் நழுவித் தரையில் விழுந்தது. அவர் குனிந்து எடுக்கவில்லை. மனைவி கண்ணாடிச் சுவரை விட்டுத் திரும்பவில்லை.

அக்கா ஜன்னலோர சீட்டின் பெல்ட்டை இழுத்து, மாட்டிப் பார்த்தாள். சரியாக மாட்டியது.

"வண்டி வர நாலு மாசம்னு சொன்னீங்கள்ல சார்? ஆஸ்பத்திரியில எனக்கு மூணுதான் சொல்லியிருக்காங்க."