சுமலதா போட்ட படம்

நீங்களே சொல்லுங்க. வருஷத்துக்கு ஒரே ஒரு தடவை எஸ்டேட்டுல படம் போடறாங்க. எல்லாரும் புதுப்படம் கேக்கறாங்க. அப்போ ஒருத்தி, நூறு வருஷத்துக்கு முந்தின அமெரிக்க ஊமைப்படம்தான் போடுவேன்னு ஒத்தைக் கால்ல நின்னா, உங்களுக்குக் கோபம் வருமா, வராதா?

எங்களுக்கு வந்துச்சு.

கீழ் கோத்தகிரியில எங்க தேயிலை எஸ்டேட்டுக்குன்னு ஒரு வழக்கம் உண்டு. மாரியம்மன் திருவிழா முடிஞ்ச ஞாயித்துக்கிழமை மத்தியானம், சமூகக்கூடத்து ஜன்னலையெல்லாம் கம்பளியால மூடி, சுவத்துல படம் காட்டுவாங்க. என்ன படம்னு முடிவு பண்றது வருஷத்துக்கு ஒரு லைன், அதாவது ஒரு வரிசை வீட்டுக்காரங்க முறை. இந்த வருஷம் எங்க மூணாம் லைன். பொம்பளைங்க எல்லாம் சேர்ந்து சுமலதாவைக் கைகாட்டினோம். இதுவரைக்கும் ஒரு பொம்பளை படம் சொன்னதில்லை.

அவ கமிட்டியில போய்ச் சொன்ன பேரு: சாப்ளின், பஸ்டர் கீட்டன், லாரல்-ஹார்டி. இவங்க நடிச்ச சின்னச் சின்னப் படங்க.

"சாப்ளின் தெரியும். மத்தவங்கல்லாம் யாரு அம்மிணி?"ன்னு கேட்டார் கமிட்டித் தலைவர் கணேசன்.

"அந்தக் காலத்து அமெரிக்க சினிமாவுல பெரிய ஸ்டாருங்க, அண்ணா. இந்தக் கீட்டன் எத்தனை அடி வாங்கினாலும் சிரிக்கவே மாட்டார்."

"அதைப் பார்க்க எதுக்குங்க படம்? நம்ம ஃபீல்டு ஆபீசர் மூஞ்சி போதாதா?"

கூட்டமே சிரிச்சுது. சுமலதாவும் சிரிச்சா. ஆனா இறங்கி வரல.

"பாட்டு உண்டா?"

"இல்லீங்க. ஓட்டம் உண்டு, உதை உண்டு."

"பேச்சு?"

"அதுவும் இல்லீங்க. நடுநடுவுல இங்கிலீஷ்ல எழுத்து வரும். அது வர்றப்போ டீயைக் குடிச்சுக்கலாம்."

மருதாயி அக்கா என் காதுல கடிச்சா. "குன்னூர் பங்களாவுல ரெண்டு வருஷம் சமைச்சா பாரு, அந்தப் பவுசு! அங்க இருந்த பெரியவர் பார்த்ததையெல்லாம் நம்ம தலையில கட்டறா."

கணேசன் அண்ணன் கடைசியா ஒரு கண்டிஷன் போட்டார். "முறைன்னா முறை. நான் தடுக்கல. ஆனா பாதியில சனம் எந்திரிச்சுப் போச்சுன்னா, இனி உங்க லைனுக்கு முறை வந்தாலும் ஆம்பளைங்கதான் படம் சொல்லுவாங்க. சம்மதமா?"

"சம்மதமுங்க."

வெளியே வந்ததும் அவளைப் பிடிச்சுக்கிட்டேன். "ஏன்டி, எங்க எல்லார் மானமும் உன் கையில இருக்கு. பேசாம ஒரு புதுப்படத்தைப் போட்டுத் தொலையேன்!"

"பேசாத படம்தானே போடறேன்"னுட்டு நடையைக் கட்டினா.

ஞாயித்துக்கிழமை கூடம் நிறைஞ்சு போச்சு. முன்னாடி பிள்ளைங்க, நடுவுல நாங்க. பின்னாடி கதவோரம், ஜார்க்கண்டிலிருந்து கொழுந்து பறிக்க வந்திருக்கிற குடும்பங்க.

படம் ஆரம்பிச்சுது. பியானோ சத்தம் மட்டும் கேட்டுச்சு. ரெண்டு நிமிஷமாகியும் ஒரு சிரிப்பும் வரல. கணேசன் அண்ணன் திரும்பி சுமலதாவை ஒரு பார்வை பார்த்தார். நாலு பேர் இருட்டுல செருப்பைத் தேட ஆரம்பிச்சாங்க.

சுவத்துல கீட்டன் ஓடினார். வழுக்கினார், உருண்டார், எந்திரிச்சார். தொப்பியைத் தட்டிப் போட்டுக்கிட்டு, ஒண்ணுமே நடக்காத மாதிரி நின்னார்.

எங்கிருந்தோ ஒரு சிரிப்பு வெடிச்சுது. அப்புறம் இன்னொண்ணு. அப்புறம் கூடம் மொத்தமும்!

செருப்பைத் தேடினவங்க அப்படியே உக்காந்துட்டாங்க. லாரலும் ஹார்டியும் தொப்பியை மாத்தி மாத்திப் போட்டப்போ, பிள்ளைங்க தரையில புரண்டுச்சுங்க. சாப்ளின் வந்தப்போ மருதாயி அக்கா, "ஐயோ, அந்த மனுஷன் பூட்ஸைப் பாருங்கடி!"ன்னு என் தோளைப் பிடிச்சு உலுக்கினதுல, மடியில தூங்கிட்டிருந்த என் பாப்பா முழிச்சு, அவளும் சேர்ந்து சிரிச்சா. கணேசன் அண்ணன் சிரிக்கப் போய் வெத்தலையை முழுங்கிட்டு இருமினார்.

முடிஞ்சதும் "இன்னொரு தடவை!"ன்னு ஒரே கூச்சல். மறுபடியும் முதல்லேருந்து போட்டோம். ஒருத்தர்கூட எந்திரிக்கல.

கணேசன் அண்ணன் கையில மைக்கோட, என் பக்கத்துல நின்ன சுமலதாகிட்ட நேரா வந்தார்.

"அம்மிணி, ஜெயிச்சுட்டீங்க! இனி உங்க லைன் முறைக்கெல்லாம் பொம்பளைங்களே படம் சொல்லுங்க, நான் வாயைத் திறக்கல. ஆனா ஒண்ணு. இத்தனை பேச்சு வாங்கிக்கிட்டு எதுக்கு இந்தப் படத்தையே பிடிச்சுக்கிட்டு நின்னீங்க? சொல்லுங்க, எல்லாரும் கேக்கட்டும்."

சுமலதா சட்டுனு மைக்கைக் கையால பொத்தினா. அவ கண்ணு கதவோரம் போச்சு. அங்க ஜார்க்கண்ட்காரப் பொண்ணு பூல்மணி, கீட்டன் விழுந்து எந்திரிச்சதைப் பக்கத்துல இருந்தவங்களுக்கு நடிச்சுக் காட்டிட்டிருந்தா.

"மூணு வருஷமா பார்க்கறேன் அண்ணா. அவங்களுக்குத் தமிழ் புரியாது. நாம சிரிச்சப்புறம், நம்ம மூஞ்சியைப் பார்த்துப் பார்த்து, கடைசியாத்தான் சிரிப்பாங்க. இன்னைக்கு முதல் சிரிப்பு பூல்மணியோடது. நாமதான் அவளுக்குப் பின்னாடி சிரிச்சோம்."

குரலைத் தாழ்த்திக்கிட்டா.

"அவங்களுக்காகப் போட்டதுன்னு தெரிஞ்சா, கூச்சப்பட்டுக்கிட்டு அடுத்த வருஷம் வரவே மாட்டாங்க. உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன், இதை மட்டும் மைக்குல சொல்லிடாதீங்க அண்ணா."