வாங்காமல் போகிறவர்

"உள்ள வந்தாச்சு. நேரா பெரிய பெட்டிகிட்டப் போய் நிக்குது பாருங்க," என்றார் மாமனார், குரலைத் தாழ்த்தி. மாப்பிள்ளையும் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தான்.

கடையில் இவர்கள் இருவரைத் தவிர ஈ காக்கை இல்லை. வந்திருப்பது கம்ப்யூட்டர் திரையில் மினுங்கும் ஒரு பச்சைப் புள்ளி. அந்தப் பயணப்பெட்டிக் கடையின் இணையக் கிளைக்கு யார் வருகிறார்கள், எதைப் பார்க்கிறார்கள், எங்கே மனம் மாறித் திரும்புகிறார்கள் என்று காட்டும் ஏற்பாட்டைப் போன வாரம்தான் மாப்பிள்ளை பொருத்தியிருந்தான்.

"தினமும் வருது. அதே நீலப் பெட்டியைக் கூடையில போடுது, திரும்ப எடுத்து வெச்சிடுது. நம்ம ஆளுங்களா இருக்குமோ?"

"கடைக் கம்ப்யூட்டர்ல பாக்கிறதைக் கணக்குலேருந்து விலக்கிட்டேன் மாமா. ஆனா உள்ளூர்தான்."

"உள்ளூரா? நாலு எட்டு நடந்து வந்தா கால் தேஞ்சிடுமா?"

"வர முடியாத சூழ்நிலையா இருக்கும்."

மாமனார் அவன் தோளில் தட்டினார். "நீங்க இல்லாட்டி இந்த வித்தையெல்லாம் எனக்கு என்ன தெரியும்? இனிமே இந்தக் கடைக்குக் கண்ணே நீங்கதான்."

வெளியிலிருந்து தாழ்ப்பாள் போடுவதுபோல இருந்தது மாப்பிள்ளைக்கு. வேறோர் ஊரில் அவனுக்கு வேலை காத்திருந்தது. வருகிறேனா இல்லையா என்று இன்று மாலைக்குள் சொல்லியாக வேண்டும்.

வீட்டோடு மாப்பிள்ளையாக வந்த நாளிலிருந்து மாமனார் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. அதுதான் சிக்கல், கோபக்காரராக இருந்தால் சண்டை போட்டாவது கிளம்பியிருப்பான். மனைவியிடம் சொன்னபோது, "அப்பாகிட்ட நீங்க சொன்னாத்தான் மரியாதை" என்றவள், பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அவளுக்கு வர இஷ்டமில்லை என்று இவனாக முடிவுகட்டிக்கொண்டான்.

"மாமா, ஒரு விஷயம்…"

"இருங்க, தொண்டை காயுது." மாமனார் மேலே வீட்டுக்குப் போகும் மாடிப்படியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "அம்மாடி, ரெண்டு காபி."

திரும்பினால், புள்ளியைக் காணோம்.

"என் கண்ணே பட்டுடுச்சு," என்று நொந்துகொண்டார்.

மகள் காபியைக் கொண்டுவந்து வைத்தாள். இருவர் முகத்தையும் பாராமல் மாடியேறிப் போய்விட்டாள். மாப்பிள்ளை இரண்டு வாய் குடித்துத் துணிச்சலைத் திரட்டிக்கொண்டான்.

"மாமா, நான் என்ன சொல்ல வந்தேன்னா…"

"வந்துடுச்சு மாப்பிள்ளை! கிளம்புறவங்ககிட்டக் கேள்வி கேக்கலாம்னீங்களே, அதைப் போடுங்க, போடுங்க."

கிளம்ப நினைத்தவன் கையாலேயே, கிளம்புகிறவரை மறிக்கும் கேள்வி. தலைவிதியே என்று தட்டெழுதினான்: 'பெட்டியை வாங்காமல் போவது ஏன்?'

பதில் ஒவ்வொரு வரியாக வந்தது. மாமனார் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார்.

"'பெட்டி பிடிச்சிருக்கு. எங்க வீட்டுக்காரர் எங்கப்பாகிட்ட வாயைத் திறந்து, வெளியூர் போறோம்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், அந்த நிமிஷமே வாங்கிக்கிறேன். இன்னிக்குத்தான் கடைசி நாள். சொல்வாரான்னு தெரியல.'"

மாப்பிள்ளை மாடிப்படியைத் திரும்பிப் பார்த்தான். மாமனாருக்கோ சிரிப்புத் தாங்கவில்லை.

"மாமனார் என்ன புலியா, கரடியா? கட்டின பொண்டாட்டியை இப்படித் தவிக்க விடலாமா? யாரு மாப்பிள்ளை அந்தப் பயந்தாங்கொள்ளி?"

மாப்பிள்ளை டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றான்.

"நான்தான் மாமா."