அடுத்த மாடல் வரும்வரை

கடையின் வெள்ளை வெளிச்சம் வரிசையாகத் திறந்து வைத்த லேப்டாப்புகளின் மேல் பால்போல் வழிகிறது. நடுவில் உள்ளதன் முன்னால், கதை எழுதுகிற அந்த அம்மாள் உட்கார்ந்திருக்கிறாள். வீட்டிலிருக்கும் பழையது உயிர்பெற்று எழுவதற்குள் துணி துவைத்து, உலர்த்தி, மடித்தும் வைத்துவிடலாம். அதன் விசிறி சுற்ற ஆரம்பித்தால் விமானம் இறங்குகிறதென்று தெருவே ஜன்னலைச் சாத்துகிறது. போன வாரம் அது அவளுடைய பாதி நாவலை விழுங்கிவிட்டு ஏப்பம்கூட விடவில்லை. பக்கத்தில் அவள் கணவர் விற்பனைப் பெண்ணைக் குறுக்கு விசாரணை செய்கிறார்.

“அடுத்த மாடல் எப்பம்மா வருது?”

“ரெண்டு மாசத்துல வந்துரும் சார்.”

“கேட்டியா? ரெண்டே மாசம்!”

“நாலு வருஷமா அந்த ரெண்டு மாசந்தாங்க நடக்குது,” என்கிறாள் அம்மாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். சும்மா தட்டிப் பார்க்கத்தான் விரலை வைத்தாள். தொலைந்துபோனதில் ஓர் அத்தியாயம் விரல் வழியே முழுசாகத் திரும்பி வந்துகொண்டிருக்கிறது. ஓட்டுக் கூரையில் தூறல் விழுவதுபோல் விசைகளின் சத்தம். கணவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிகிறார். உதடுகள் முணுமுணுக்கின்றன. அவர் தோளுக்கு மேலாக விற்பனைப் பெண்ணும் எட்டிப் பார்க்கிறாள். பின்னால் ஒருவர் சார்ஜர் கேட்டுக் கேட்டுத் தொண்டை வற்றி நிற்கிறார். சட்டென்று தூறல் நிற்கிறது.

“கதவைத் தட்டுனது யாருடி?” என்கிறார் கணவர்.

அவள் லேப்டாப்பை மெல்ல மூடி, அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொள்கிறாள்.

“பில் போட்டுடுறேன் சார்,” விற்பனைப் பெண் கெஞ்சுகிறாள், “எனக்கும் தெரிஞ்சாகணும்.”