சின்னமனூர் கத்தரிக்காய்

எடை ஷெட்டின் மூலையில், பழைய தேயிலைக் கொழுந்துச் சாக்குகளுக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தேன். வெளியே மூடுபனி இன்னும் விலகவில்லை.

கையில் கம்பு கிம்பு எதுவும் இல்லை. திருடன் கன்னத்தில் ஒன்று கொடுக்க வெறுங்கை போதும்.

எஸ்டேட்டைப் பூட்டிவிட்டு முதலாளி மலையிறங்கிய பிறகு, தொழிலாளர் லயத்து வீடுகளில் நாங்கள் மட்டும் மிஞ்சினோம். ரேஷன் அரிசி வந்தது. தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லை. பேக்டரிக்குப் பின்னால் கிடந்த புதரை நானும் கூட வேலை பார்த்த பாஸ்கலும் இன்னும் சிலரும் வெட்டித் திருத்தினோம். பீன்ஸ், கத்தரி, சௌசௌ போட்டோம். கூலி யாருக்கும் கிடையாது.

பறித்த காயைப் பைகளில் போட்டு, முன்பு கொழுந்து நிறுத்த கொக்கிகளில் அந்திக்கு மாட்டிவிடுவோம். வீட்டுக்கு ஒரு பை. வேண்டியவர்கள் விடியலில் வந்து எடுத்துக்கொள்ளலாம். எடுக்கிறவர் யாரென்று யாரும் பார்க்கக் கூடாது. பசியைவிட வெட்கம் பொல்லாதது.

இன்னொரு சட்டமும் உண்டு. அது நான் போட்டது. தோட்டத்தில் பாடுபடுகிற எங்கள் வீடுகளுக்கு ஒரு காய்கூட வராது என்று கோயில் முற்றத்தில் எல்லார் முன்னாலும் சொன்னேன். பங்குச் சாமியாரே கை தட்டினார்.

எனக்கு என்ன குறை? என் மனைவி இன்பமேரியின் அக்காவுக்குச் சின்னமனூரில் தோட்டம் இருக்கிறது. கம்பத்திலிருந்து ஏறி வரும் ஜீப்பில் காய் கொடுத்துவிடுவாள்.

கொஞ்ச நாளாகக் கொக்கியில் ஒரு பை குறைகிறது.

குறைவது எப்போதும் மிக்கேலுக்குத்தான். அவர் பழைய கங்காணி. கால் வீங்கிப்போனவர். கம்பை ஊன்றி மேடேறி வருவதற்குள் யாரோ அவர் பையை எடுத்துவிடுகிறார்கள். மனிதர் யாரிடமும் வாய் திறக்கவில்லை. உப்பைத் தொட்டுச் சோறு தின்றுகொண்டிருந்தவரைப் போன வாரம் பாஸ்கல் தற்செயலாகப் பார்த்துவிட்டான்.

"இனிமே ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சதும் பேரச் சொல்லிக் கூப்பிட்டுக் குடுப்போம்ணே. எவன் ரெண்டு வாங்குறான்னு அப்பத் தெரிஞ்சுபோகும்" என்றான்.

பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் மிக்கேல் வருவாரா? ஒரு காலத்தில் இந்த லயம் முழுக்கப் பேர் வாசித்தவர் அவர். பட்டினி கிடந்து செத்தாலும் வரிசையில் நிற்கமாட்டார். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் திருடனைப் பிடித்தாக வேண்டும் என்று கிளம்பினேன்.

திருட்டு என்றால்கூடப் பொறுத்துக்கொள்வேன். இது உண்ட வீட்டுக்கு இரண்டகம். எங்களில் ஒருவரே எங்கள் வேர்வையைத் தின்றுகொண்டு மிக்கேலின் வயிற்றில் அடிக்கிறார்.

நேற்று மதியம் சாப்பாட்டில் உட்கார்ந்தபோதும் அதே ஆத்திரம்தான். தட்டில் கத்தரிக்காய்க் கூட்டு. ஒரு வாய் வைத்தேன். மருந்து நாற்றம்! சின்னமனூர்க்காரர்கள் காயையா விளைவிக்கிறார்கள், பூச்சிமருந்தையல்லவா விளைவிக்கிறார்கள் என்று கத்தினேன். நம்ம தோட்டத்துக் காய்க்கு இது உறை போடக் காணுமா என்று கேட்டுவிட்டு, தட்டை அப்படியே வாசலில் கிடந்த நாய்க்குத் தள்ளினேன்.

இன்பமேரி வாசலுக்குப் போனாள். தட்டை எடுத்துக் கழுவி வைத்தாள்.

இன்றைக்கு அவளிடம்கூடச் சொல்லாமல், காலைப் பூசைக்குப் போகிறேன் என்று கிளம்பி வந்தேன்.

ஒவ்வொருவராக வந்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு காலடிச் சத்தத்தை மட்டும் கேட்டேன். யாரும் பார்க்கக் கூடாது என்ற எங்கள் சட்டத்தை நானே மீறலாமா? வரவேண்டியவர்கள் எல்லாரும் வந்து போன பிறகுதான் நிமிர்ந்தேன். ஒரே ஒரு பை தொங்கியது. மிக்கேலின் பை. இனி அதை வேறு யார் தொட்டாலும் அது திருட்டுக் கைதான்.

ஓர் உருவம் உள்ளே வந்தது. மழைக்குப் போடுகிற கொங்காணியை முகம் தெரியாதபடி இழுத்துவிட்டிருந்தது. கம்பு ஊன்றும் சத்தம் இல்லை. நேராகப் போய்ப் பையைக் கழற்றியது.

பாய்ந்து பையின் அடியைப் பிடித்தேன். அந்த ஆள் பிடியை விடவில்லை. துரோகி என்று சொல்லிக் கையை ஓங்கினேன்.

"அடிக்கிறதுன்னா அடிங்க. அக்கா தோட்டத்த வித்துட்டு திருப்பூருக்குப் போயி மாசம் ஒண்ணாகுது. வெறுஞ்சோத்தத் தின்னுட்டு நீங்க எப்பிடி மம்பட்டி பிடிப்பீக?"

அவள் திரும்பக்கூட இல்லை.

கட்டினவளே ஏமாற்றிவிட்டாள் என்று நெஞ்சு எரிந்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்க வாயெடுத்தேன். கோயில் முற்றத்தில் கை தட்டு வாங்குவதற்கு முன்னால் நான் அவளை ஒரு வார்த்தை கேட்டேனா? பிடித்திருந்த பையை விட்டேன்.

அவள் பையைத் திரும்பவும் கொக்கியில் மாட்டினாள். கொங்காணியைச் சரிசெய்துகொண்டு பின்வாசல் வழியாகப் போய்விட்டாள்.

மேட்டில் கம்பு ஊன்றும் சத்தம் கேட்டது. நான் மறுபடி சாக்குக்குப் பின்னால் ஒளிந்திருக்க வேண்டும். கொக்கிக்குப் பக்கத்திலேயே நின்றேன். மிக்கேல் வாசலில் வந்து நின்றார். பையைப் பார்த்தார். அதன் பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தார். வழி தவறி வந்தவர் போலத் தொண்டையைச் செருமிவிட்டு, வந்த வழியே இறங்கிப்போனார்.

பை கொக்கியிலேயே தொங்கியது. அதன் வாய் கொஞ்சம் பிரிந்திருந்தது. உள்ளே ஊதாவில் வெள்ளை வரி ஓடிய கத்தரிக்காய், நான் விதை பொறுக்கி நாற்று விட்டது.

நேற்று நாய்க்குப் போட்டதும் அதுதான்.